பக்கத்து அறையில் வியர்த்த கை

என் அக்காவின் கணவர் பல் செட் செய்பவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் ஈறுகளை முன்னால் வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அரைத்து, மெருகேற்றி, யாரோ ஒருவருக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுப்பது அவருக்குத் தொழில். அத்தான் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கோபப்பட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பின்னால் வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது என்பது என் கட்சி.

அவருக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. எங்களுக்கு அம்மா இல்லை, அப்பாவைத் தனியே விடவும் முடியாது. அதனால் கல்யாணமான கையோடு அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை. செருப்போடு வாயையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிற பதவி அது என்று நான் கேலி செய்வேன். அவர் அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏறுகிறவர்களிடம் எந்த மாடி என்று கேட்பதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது என்பது அங்கே விதி. ஓய்வு பெற்ற மறுநாள் பேச ஆரம்பித்தவர் அப்புறம் நிறுத்தவே இல்லை. அக்கா அடுப்படிக்குள் புகுந்துகொள்வாள், நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். மாட்டுவது அத்தான்தான். மரியாதையில் மட்டும் அப்பா ஒரு குறையும் வைக்க மாட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க திறந்த குழாயை மூடுறதுக்கு வேற ஆள் வருவாங்களா?"

"சரிங்க மாமா."

"நீங்க செஞ்ச பல்லைப் போட்டுக்கிட்டாரே அந்த மனுஷன், இன்னும் சாப்பிட முடியுதா அவரால?"

"முடியுதுங்க மாமா."

அத்தான் பல்லைக் கடித்துக்கொள்வார். காதுக்குக் கீழே தாடை எலும்பு அசையும். அது மட்டும்தான் வெளியே தெரியும். இப்படியே போனால் அவருக்கே ஒரு செட் தேவைப்படும் என்று நானும் அக்காவும் சொல்லிச் சிரிப்போம்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் விரல்களைத் துடைத்து, பசை தடவி, மின்முனைகளை ஒட்டுவது என் வேலை. ஒருவர் மனசால் இன்னொருவர் உடம்பைத் தொட முடியுமா என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது.

ஒரே வீட்டில் வசிக்கும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவரை மூடிய அறையில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, விரல்களில் ஒட்டி, சும்மா இருங்கள் என்று சொல்லிவிடுவோம். இன்னொருவர் நடைவழிக்கு அந்தப் பக்கம் வேறொரு அறையில். அவர் முன்னால் இருக்கும் கணினி, தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டு, 'அமைதி' என்றோ 'கிளறு' என்றோ காட்டும். கிளறு என்று வந்தால் அவர் அந்த முதல் ஆளை மனசில் நிறுத்திப் படபடக்கவைக்க வேண்டும். நினைப்பவருக்குச் சூடு ஏறட்டும் என்று, அந்த நேரத்தில் மட்டும் தலைக்கு மேல் நாடக மேடைக்குப் போடுகிற மாதிரி ஒரு பெரிய விளக்கு எரியும். மனசு கொஞ்சம் கலங்கினாலும் உள்ளங்கையில் ஈரம் கசியும். கண்ணுக்குத் தெரியாது, எங்கள் இயந்திரத்துக்குத் தெரியும். நடு அறையில் திரையில் ஓடுகிற கோடு மேலே ஏறும்.

ஏறும் என்று நாங்கள் காத்திருந்தோம் என்பதுதான் சரி. எத்தனையோ ஜோடிகள் வந்து போனார்கள், கோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆராய்ச்சியை நடத்திய மேடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஒவ்வொரு நாளும் ஒன்றுமில்லை என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

வருகிறவர்களுக்கு இலவசமாக உடம்புப் பரிசோதனை உண்டு என்று நான் வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். அக்கா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அத்தானை யாரும் கேட்கவே இல்லை. அப்பாவின் கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மூடிய அறைக்குள் போனதுமே அப்பா ஆரம்பித்துவிட்டார். ஏசி காற்று பட்டால் முட்டி பிடித்துக்கொள்ளுமாம். மேடம் ஏசியை நிறுத்தச் சொல்லி, தன் அறையில் இருந்த மேசை விசிறியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அவர் விரல்களில் ஒட்டிவிட்டு அத்தானிடம் போனேன்.

"கிளறுன்னு வந்தா, அப்பாவுக்குப் படபடன்னு வர்ற மாதிரி எதையாவது நினைக்கணும் அத்தான்."

"எதையாவதா?"

"எதை வேணும்னாலும்."

அவர் முகத்தில் லேசாக ஒரு வெட்கம் வந்து போனது. வீட்டில் தனியாகச் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு யாரோ நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி.

நடு அறையில் நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைதி வந்தபோது படுத்துக் கிடந்தது. கிளறு வந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு தலையைத் தூக்கி மேலே ஏறியது. மறுபடி அமைதி, இறங்கியது. மறுபடி கிளறு, ஏறியது. மேடம் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எங்களால் நம்ப முடியாமல் அவர்களை வேறு நாள்களிலும் வரச்சொன்னோம். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

மேடம் இருவரையும் உட்காரவைத்து, இதுவரை வந்தவர்களில் நீங்கள்தான் சிறந்த ஜோடி என்றார். அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அத்தான் மட்டும் கேட்டார்.

"நான் நினைக்கிறது அவர் உடம்புக்குள்ள போகுதுங்களா?"

"போகுதுன்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா நீங்க நினைக்கிறப்ப எல்லாம் அவர் கை வியர்க்குது."

மேடம் முதல் பாதியையும் அழுத்தித்தான் சொன்னார். அத்தான் காதில் விழுந்தது இரண்டாவது பாதிதான். பேயறைந்தவர் போல எழுந்து போனார்.

அடுத்த நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். அவராக என்னோடு நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த ரூம்ல நான் என்ன நினைச்சேன்னு தெரியுமா?"

"என்ன?"

"வேணாம், கேக்காத. ஆராய்ச்சிக்காகப் புதுசா ஒண்ணும் நினைக்கல. வருஷக்கணக்கா நினைக்கிறதைத்தான் நினைச்சேன். மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரே, போன மழையில மூச்சு முட்டிச்சே. அதுக்கெல்லாம் முன்னாடி நான் என்ன நினைச்சிட்டிருந்தேன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். எல்லாத்துக்கும் சரியா வருது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான்" என்றேன். ஆனால் அன்று வந்த முதல் பஸ்ஸில் நான் ஏறவில்லை.

அன்றிலிருந்து அந்த மனிதர் நினைக்காமல் இருக்கப் பார்த்தார். வாயை மூடிக்கொள்ள அவருக்குத் தெரியும், எத்தனையோ வருஷப் பழக்கம். மனசை மூட யாருக்குத் தெரியும்? அப்பா பேச வாயெடுத்தால் இவர் உதட்டுக்குள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிப்பார்.

"என்ன மாப்பிள்ளை, எனக்கு மந்திரம் போடுறீங்களா?" என்றார் அப்பா ஒரு நாள், விளையாட்டாகத்தான். அத்தானின் கையிலிருந்த தம்ளர் தரையில் உருண்டது.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். வேலை முடிந்தும் பட்டறையிலேயே இருப்பார். கீழ்த்தாடைப் பற்களை மேலே நட்டு அனுப்பியதற்கு ஒரு டாக்டர் போனில் அவரைக் கிழிகிழியென்று கிழித்தாராம். புருஷனுக்கு வேறு எங்கோ பழக்கம் என்று அக்கா முடிவு கட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அப்பாவுக்குப் பேச ஆள் இல்லாமல் போனது. குழாய் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தாலும் யாரையும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. படித்துப் பார்த்து வந்த பயமில்லை, அந்தக் கோட்டைப் பார்த்து வந்த பயம். அது ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே. வீட்டில் இருக்கும்போதெல்லாம் அத்தானின் தாடையையே கவனித்தேன். ஒரு காலையில் ஈரத் துண்டைப் பற்றி அப்பா ஏதோ சொல்ல, அத்தானின் தாடை அசைந்தது. அதே நொடியில் அப்பா நெஞ்சில் கையை வைத்தார். நான் பாய்ந்து எழுந்தேன். அப்பா நெஞ்சைச் சொறிந்துகொண்டு செய்தித்தாளைப் பிரித்தார்.

அப்புறம் ஒரு மதியம் அப்பா அத்தானின் பட்டறைக்குப் போன் செய்தார். அத்தான் மெழுகை உருக்கிக்கொண்டிருந்த நேரம்.

"மாப்பிள்ளை, என் குடையை எடுத்துட்டுப் போனீங்களா?"

"இல்லிங்க மாமா. கதவுக்குப் பின்னாடி பாருங்க."

"பாத்துட்டுத்தானே கேக்கறேன். எனக்குக் கண்ணு தெரியலேங்கறீங்களா?"

அவர் பேசி முடிப்பதற்குள் மெழுகு பொங்கி வழிந்து, முடித்து வைத்திருந்த ஒரு செட்டைப் பாழாக்கியது. அத்தான் போனை வைத்தார். வாய்ப்பாடு அந்த நேரத்துக்குக் கைகொடுக்கவில்லை. மனசு அது பாட்டுக்கு நினைத்ததை நினைத்துவிட்டது. மேசையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள். அப்பா கதவோரம் விழுந்து கிடக்கிறார், ஆம்புலன்ஸ் வருகிறது.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவைத் தீவிர சிகிச்சை வார்டில் போட்டிருந்தார்கள். அத்தான் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து நின்றுவிட்டார். நான் கீழே இறங்கிப் போனேன். அவர் சட்டையெல்லாம் மெழுகாக இருந்தது.

"எவ்வளவு தூரம் தள்ளிப் போனா போகாது?"

"என்னது அத்தான்?"

"நினைப்பு."

தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று சாதிக்கிற ஆள்களும் உண்டு என்று மேடம் ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். "தெரியல" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. எதிரே வந்த பஸ்ஸில், எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறினார். கடைசி நிறுத்தத்திலிருந்து போன் செய்தார். "இப்ப எப்படி இருக்கு?" அப்படியேதான் இருக்கிறது என்றேன். இன்னொரு பஸ் பிடித்து இன்னும் தள்ளிப் போனார்.

அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்க ரெண்டு பேருக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பெண் யாரும் இல்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது அவளுக்கு. ஆனால் அதற்குப் பிறகு அவளும் புருஷனை மேலே வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. நாங்கள் இருவரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். யாராவது மாடிப்படியில் ஏறி வரும் சத்தம் கேட்டால், அத்தானாக இருந்துவிடக் கூடாதே என்று எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு மனுஷனைப் பார்த்து அப்படிப் பயந்தோம்.

உள்ளே அப்பா வேறு விதமாகப் பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளை வராமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மாட்டாராம்.

"நான் போயிட்டா உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கப் போறவர் அவருதான். அவர் என் மூஞ்சியில முழிக்கவே பிடிக்காமப் போனா, நான் யாரை நம்பி மயக்க ஊசி போட்டுக்கறது?"

தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்து என்றார் டாக்டர். அத்தான் வராவிட்டால் ஆபரேஷன் இல்லை. வந்தால், அவர் மனசு என்ன செய்யுமோ தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோதுதான் மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

பழம் எதுவும் வாங்கி வரவில்லை. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விசிறிம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் விடுப்பில் இருந்தபோது அந்த மூடிய அறையின் ஏசி பழுதாகிவிட்டதாம். வருகிற எல்லாருக்கும் மேசை விசிறியே வைத்திருக்கிறார்கள். வந்த ஜோடியெல்லாம் சிறந்த ஜோடியாகிவிட்டது. நினைக்க வேண்டியவர் நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒரு ஜோடிக்கும் கோடு ஏறியது. மேடத்துக்குச் சந்தேகம் தட்டியது. தானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் அறை விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறார். விசிறியின் சத்தம் லேசாகத் தாழ்ந்தது. முன்னால் பறந்துகொண்டிருந்த முடி நெற்றியில் வந்து படிந்தது.

"ரெண்டு ரூமுக்கும் ஒரே ஒயர். பழைய கட்டடம். அந்த விளக்கு எரிஞ்சா விசிறி தளர்ந்துடுது. காத்து குறைஞ்சா கை வியர்க்குது. உங்க அப்பாவுக்கு வியர்த்தது அதனாலதான், வேற ஒண்ணுமில்ல." அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கையில் இருந்த ஒரே நல்ல முடிவு அது. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அத்தானுக்குப் போன் செய்து வரவழைத்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்து இருக்கையில் வைத்து மேடம் அவருக்கு மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குத் தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போயிருந்தன.

"அப்போ குடைக்காகப் போன் பண்ணாரே, அன்னிக்கு எந்த விளக்கு எரிஞ்சது மேடம்?"

மேடம் திணறினார். "அந்த அடைப்பு ஒரு நாள்ல வந்ததில்ல சார். வருஷக்கணக்கா வளர்ந்திருக்கு. டாக்டரையே கேளுங்க."

"நானும் வருஷக்கணக்காத்தான் நினைச்சேன்."

எனக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கோபத்தை வெளியே விடுகிற உரிமை எனக்கு எப்போதும் உண்டு.

"நீங்க வரலேன்னா ஆபரேஷனே இல்ல அத்தான். வந்தாலும் பயம், வராட்டியும் பயம். மேல வந்து உக்காந்து பயப்படுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா கட்டிலில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். தலைமாட்டில் இருந்த பெட்டியில் அவருடைய நாடித்துடிப்பு எண்ணாக மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அத்தான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் அந்தப் பெட்டியையே பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னும் இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?"

அந்த நிலைமையிலும் மரியாதை குறையவில்லை. அத்தானின் தாடை அசைவதைப் பார்த்தேன். அக்கா என் தோளை இறுகப் பிடித்தாள். சரிங்க மாமா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"நான் உங்களைக் கொன்னிருக்கேன் மாமா. மனசுக்குள்ள. நீங்க என்னைப் பேசுறப்ப எல்லாம், உங்களை லிஃப்ட்டுக்குள்ள நிக்கவெச்சு, உச்சி மாடிக்குக் கொண்டுபோயி, கயிறை அறுத்து விட்டுருவேன். விழறது வரைக்கும் பாத்துட்டே இருப்பேன். அன்னிக்குப் போனை வெச்சதும் அதைத்தான் செஞ்சேன். நீங்க விழுந்துட்டீங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா. உங்க பக்கத்துல வரவே பயமா இருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியில் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளை" என்றார் அப்பா, மூச்சை இழுத்து இழுத்து. "கயிறு அறுந்தா லிஃப்ட் விழாது."

அத்தான் முழித்தார்.

"ஓரத்துல தண்டவாளம் இருக்குல்ல. வேகம் மிஞ்சினா அடியில இருக்கிற இரும்புத் தாடை அதைக் கவ்விப் பிடிச்சுக்கும். நடு வழியில அப்படியே நின்னுரும். என் வீட்லயே இருந்துக்கிட்டு இதுகூடக் கேட்டுத் தெரிஞ்சுக்கல நீங்க." கொஞ்சம் ஓய்ந்தார். "எத்தனை தடவை அறுத்தீங்க?"

"கணக்கே இல்லிங்க மாமா."

அப்பா கண்ணைத் திறந்து மேலே கூரையைப் பார்த்தார். கண்ணோரத்தில் ஈரம் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அத்தனை தடவையும் நான் உள்ளேயேதான் நின்னுட்டிருந்திருப்பேன். இருட்டுல, தனியா. ஒரு தடவையாவது வந்து கதவைத் திறந்து விட்டிருக்கலாமே மாப்பிள்ளை."

அத்தான் ஸ்டூலைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேரமாகிவிட்டது, வெளியே போங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னபோதும் எழுந்திருக்கவில்லை.